ஜானுவின் இடது கன்னம்

3-9-78, ஞாயிறு

பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை எங்கள் கூடத்தில் வைத்து எடுத்தேன். ஃபிளாஷ் வேண்டாமா, வேண்டாமா என்று குழந்தையின் அப்பா நச்சரித்துவிட்டார். வேண்டாம் என்றால் வேண்டாம். முகத்துக்கு நேரே பட்டாசு கொளுத்துவது போல வெளிச்சத்தை வீசி எடுத்தால் அது போட்டோ இல்லை, போலீஸ் ஸ்டேஷன் ரிக்கார்டு.

வடக்கு மாசி வீதிச் சந்தில் எல்லா வீடும் ரயில் பெட்டி மாதிரிதான். முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல், நடுவில் முற்றம் என்ற பெயரில் கொஞ்சம் வானம். அதிலிருந்து கூடத்துக்குள் நழுவி வரும் வெளிச்சம் எந்த ஸ்டூடியோவிலும் கிடைக்காது. ஷட்டரை மெதுவாக விட வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எதிரே இருப்பவரும் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. யூனிவர்சிடி ஆபீஸில் ஃபைல் தள்ளுகிற குமாஸ்தாவுக்குப் பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது? இது ஒன்று எனக்கு வரும்.

சாப்பாட்டுக்கு அப்புறம் அப்பா கூப்பிட்டார். "வெங்கிட்டு, ஜானுவ ஒரு போட்டோ எடு. ஜாதகத்தோட அனுப்பணும்."

எடுக்கிறேன் என்றேன்.

"அது தெரியப்படாது."

எங்கள் வீட்டில் 'அது' என்றால் ஒன்றுதான். என் தங்கை ஜானுவின் இடது கன்னத்தில் காதோரம் தொடங்கித் தாடைவரை இறங்கும் வெள்ளைத் திட்டு. முதலில் எள்ளளவுதான் இருந்தது. தொத்தாது, வலிக்காது, உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். "கல்யாணத்துக்கு?" என்று அம்மா கேட்டாள். அவர் குனிந்து மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். கார்போகரிசி எண்ணெயைத் தடவி வெயிலில் உட்கார வைத்ததில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம். இருபத்தேழு வயதாகிறது அவளுக்கு.

10-9-78, ஞாயிறு

எடுத்தாகிவிட்டது.

வலது பக்கம் முற்றம் இருக்கும்படி ஜானுவைத் தூண் ஓரம் உட்கார வைத்தேன். முகத்தைக் கொஞ்சம் திருப்பினால் இடது கன்னம் முழுக்க நிழலுக்குள் போய்விடுகிறது. இன்னும் கொஞ்சம். இன்னும். கேமராவுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில் 'அது' காணாமல் போயிற்று. கண் மட்டும் பளிச்சென்று நின்றது. நெற்றியிலும் மூக்கிலும் அப்படி ஒரு வெளிச்சம். என் வாழ்க்கையில் எடுத்ததிலேயே நல்ல படம் இதுவாகத்தான் இருக்கும். பெருமைப்படத்தான் முடியவில்லை.

"மூச்சு விடலாமா?" என்று கேட்டாள் ஜானு. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

16-9-78

பேச்சிமுத்து ஸ்டூடியோவில் பிரிண்ட் வாங்கினேன். "என்னண்ணே, இம்புட்டு இருட்டா எடுத்திருக்கீக! பாதி மொகத்தக் காணோம்" என்றார். அதுதான் ஸ்டைல் என்றேன். அப்பா படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார். என் முதுகில் தட்டினார். பி.ஏ. பாஸ் பண்ணினபோதுகூடத் தட்டவில்லை.

22-10-78, ஞாயிறு

பிடித்திருக்கிறதாம்! திருப்பரங்குன்றம். பையன் அனந்தநாராயணன், அங்கேயே பாங்கில் வேலை. அப்பா இல்லை, அம்மா மட்டும். ஜாதகம் பொருந்துகிறது. "பொண்ணு லக்ஷணமா இருக்கா, போட்டோவே ஒரு சித்திரமாட்டம் இருக்கு" என்று பையனின் பெரியப்பா எழுதியிருக்கிறார். அம்மா அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள்.

ஜானு அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

5-11-78, ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள். எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

அப்பா சாயங்காலமாக வரச் சொல்லியிருந்தார். ஐப்பசி மூட்டம் வேறு. அவர்கள் வருவதற்கு முன்னால் அப்பா ஸ்டூல் போட்டு ஏறிக் கூடத்து டியூப்லைட்டின் ஸ்டார்ட்டரைக் கழற்றி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். பத்தாம் வகுப்புக்கு நாற்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷர். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். "லைட்டு நேத்திக்குத்தான் போச்சு, மன்னிக்கணும்" என்று வந்தவர்களிடம் கைகூப்பினார். அவர்கள் பரவாயில்லை, பரவாயில்லை என்றார்கள்.

ஜானு வந்தாள், நமஸ்காரம் பண்ணினாள், காபி கொடுத்தாள், ஒரு பாட்டு. எல்லாம் நிழலுக்குள்ளேயே நடந்து முடிந்தது. போகும்போது என்ன பண்ணினாள் தெரியுமா? காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு ரேழி வழியாகப் போ என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இவள் நேரே முற்றத்தில் இறங்கினாள். அங்கேதான் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. இறங்கினவள் போக வேண்டியதுதானே! நின்றாள். மழை வருமா என்று பார்ப்பவள் மாதிரி முகத்தைத் தூக்கிக் காதோரத்து மயிரை ஒதுக்கிக்கொண்டாள். இடது பக்கம். நான் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தேன். நல்லவேளை, பையனின் அம்மா எங்கள் அம்மாவிடம் புடவை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பெரியப்பா பஜ்ஜியில் இருந்தார். பையன் பெஞ்சின் கோடியில், முற்றத்தைப் பார்த்து.

என்ன அசட்டுத்தனம் இது! அவள் உள்ளே போனதும் திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டவில்லை.

9-11-78

சம்மதம் சொல்லிவிட்டார்கள். தை மாதம் பத்தாம் தேதி முகூர்த்தம். அப்போ பையன் பார்க்கவில்லை. தப்பித்தோம்.

தப்பித்தோமா?

19-11-78, ஞாயிறு

தூக்கம் இல்லை. 'அது' தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கியிருக்கிறது. கல்யாணம் என்ன எங்கள் கூடத்திலா நடக்கப் போகிறது? பட்டப்பகலில், மண்டபத்தில், ஆயிரம் கண்ணுக்கு நடுவில். அவர்கள் உறவுக்காரர் ஒருவர் கலர் போட்டோ எடுக்கிறாராம், ஃபிளாஷ் வைத்து. தாலி கட்டுகிற நேரத்தில் அந்த ஃபிளாஷ் அடிக்கும். அப்புறம்? மணையில் இருந்து எழுந்து போவார்களா? அல்லது கட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்திவிட்டு, ஏமாற்றினவர்களுடைய பெண்ணே என்று நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்களா? மேலச் சந்தில் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினார்களே, அவள் இப்போது கதவைத் திறந்து தெருவைப் பார்ப்பதுகூட இல்லை.

அப்பாவிடம் போய் நின்றேன். "சொல்லிடலாம்ப்பா."

"கல்யாணத்துக்கு அப்பறம் வந்ததுன்னு சொல்லிக்கலாம்."

"கழுத்துக்கு வந்துடுத்துப்பா. எப்பிடி மறைப்பேள்?"

"ஏன், நீ மறைச்சயே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். 

ஜானுவிடம் பேசிப் பார்க்கலாமா? வேண்டாம். பாவம், அழுவாள். அவளை எதற்கு இதில் போட்டு வதைக்க வேண்டும்? நான் கட்டின முடிச்சு, நானே அவிழ்க்கிறேன்.

26-11-78, ஞாயிறு

மொட்டைமாடியில் ஜானு தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். கேமராவோடு போனேன். "ரோல்ல ஒண்ணு பாக்கி இருக்கு, நிமிரேன்" என்றேன். பொய். ரோல் புதுசு.

"உச்சி வெயில்ல எடுக்கறயே அண்ணா, ஒன் கொள்கை என்ன ஆச்சு?" என்று சிரித்தாள். அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று! கல்யாணக் களை என்று அம்மா சொல்வது இதுதானோ. சூரியன் அவளுக்கு இடது பக்கம். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மயிரை உதறினாள். அழுத்திவிட்டேன். மூச்சைப் பிடிக்கத் தேவையே இருக்கவில்லை.

30-11-78

பேச்சிமுத்து பிரிண்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல்லண்ணே போட்டோ! தங்கச்சி என்னமாச் சிரிக்குது" என்றார். அப்புறம் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். குரல் இறங்கிவிட்டது. "டச் பண்ணி எடுத்துரவாண்ணே? தெரியாமப் பண்ணிரலாம்."

வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

3-12-78, ஞாயிறு

போய்விட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

திருப்பரங்குன்றம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதே இறங்கிவிடலாமா, இறங்கிவிடலாமா என்று இருந்தது. வீட்டில் அனந்தநாராயணன் இல்லை. அவர் அம்மா அகிலாண்டம்தான் இருந்தார். "இப்ப வந்துடுவான், ஒக்காருங்கோ" என்றார். காத்திருக்கலாம்தான். ஆனால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் வந்த வழியே ஓடிவிடுவேன் என்று தெரிந்தது. கவரைப் பிரித்துப் படத்தை அந்த அம்மாள் கையில் கொடுத்தேன். "நீங்க முன்னாடி பாத்தது சரியான போட்டோ இல்ல. இதுதான் சரியானது."

அவர் வாசல் நிலைக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நன்னாச் சிரிக்கறா" என்றார். அப்புறம், "நீங்க வந்தது உங்காத்துல தெரியுமோ?"

"தெரியாது."

"காபி சாப்ட்டுட்டுப் போங்கோ."

ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரிய மனசு அந்த அம்மாளுக்கு. இவ்வளவு தெரிந்தும் எடுத்துக்கொள்வார்கள் என்று தோன்றுகிறது. எடுத்துக்கொள்ளாவிட்டாலும் தாலி ஏறுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது, அதுவே போதும். இன்றைக்குத்தான் சோறு ருசித்தது. நல்ல காரியம் செய்திருக்கிறேன்.

6-12-78

பெரியப்பா வந்தார். உட்காரக்கூட இல்லை. "நிறுத்திக்கலாம்" என்றார். அப்பா ஏதோ சமாளிக்கப் பார்த்தார். "ஒளிச்சு என்ன பிரயோஜனம் ஓய்? உம்ம பிள்ளையே வந்து போட்டோவக் குடுத்துட்டுப் போயிருக்கான்" என்று என்னைக் காட்டினார்.

அப்பா என்னைப் பார்த்த பார்வை. அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார், அடித்துக்கொண்டே இருந்தார், கையைப் பிடிக்கப் போன என்னைத் தள்ளினார். "குடியக் கெடுத்துட்டயேடா பாவி!"

ஜானு அடுக்களை வாசலில் நின்றாள். "எந்த போட்டோ?" என்று மட்டும் கேட்டாள்.

 நான் வாசலுக்குப் போய்விட்டேன்.

8-12-78

சாயங்காலம் ஆபீஸ் விட்டு நாகமலை புதுக்கோட்டை பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன், எதிரே அனந்தநாராயணன். என்னைத் தேடித்தான் வந்திருக்கிறார். அடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். டீக்கடை ஓரமாக அழைத்துப் போனார். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், எனக்கு மறக்கக் கூடாது.

"எதுக்கு சார் அந்த போட்டோவ அம்மாகிட்டக் குடுத்தேள்?"

"மறைச்சுக் கல்யாணம் பண்ணப்படாதுன்னுதான்..."

"யார்கிட்ட மறைச்சேள்? எனக்குத் தெரியுமே. அன்னிக்கே ஜானகி காமிச்சாளே. முற்றத்துல எறங்கி நின்னுண்டு, மயிர ஒதுக்கிண்டு, என்னைப் பாத்தா. நானும் பாத்தேன். தலையாட்டினேன். அவ தலையாட்டிட்டு உள்ள போனா. எங்களுக்குள்ள பேச்சு முடிஞ்சு போச்சு சார்."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"கல்யாணம் ஆனப்பறம் அம்மாவுக்கு மெதுவாத் தெரிஞ்சா, அப்போ நான் ஜானகி பக்கம் நின்னுப்பேன்னு இருந்தேன். இப்போ அந்த போட்டோ ஆத்துல எல்லார் கையிலயும் சுத்தறது. அத்தை, சித்தப்பா, எதுத்தாத்து மாமி, எல்லாரும் பாத்தாச்சு. அம்மா அழறா, சாப்பிடல. மீற முடியல சார் என்னால. தெரியாத மாதிரி இருக்கத்தான் எனக்குத் தைரியம் இருந்துது. தெரிஞ்சுண்டு எதுத்து நிக்க இல்ல."

இன்னும் ஒரு வாரம் பேசிப் பாருங்கள், நான் உங்கள் அம்மா காலில் விழுகிறேன் என்றெல்லாம் கெஞ்சினேன். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். டவுன் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார். கோழை என்று மனசுக்குள் திட்டினேன். யார் யாரைத் திட்டுவது!

அவள் அசட்டுத்தனமாக நின்றாள் என்று எழுதியிருக்கிறேனே. என் கையாலேயே எழுதியிருக்கிறேனே.

9-12-78

ஜானுவிடம் எல்லாம் சொன்னேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். "மொட்டைமாடில எடுத்ததா?" என்றாள். ஆமாம் என்றேன். "நான் சிரிச்சேனே, அதையா?"

ஆமாம்.

"உன்னைக் காப்பாத்தத்தான் ஜானு" என்றேன். வேறு என்ன சொல்வது? தாலி கட்டின பிறகு தெரிந்தால் உன்னைக் கொன்றுவிடுவார்களே என்று பயம், ராத்திரி பகலாகத் தூக்கம் இல்லை, அப்படி இப்படி என்று உளறினேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இருட்டுல எடுத்தப்பயும் நீ என்னைக் கேக்கல. வெயில்ல எடுத்தப்பயும் கேக்கல. அப்பா பொய் சொல்லச் சொன்னா என் மூஞ்சி வேணும். நீ நிஜம் சொல்லணும்னாலும் என் மூஞ்சிதான் வேணுமா? நான் ஒருத்தி இந்தாத்துலதான இருந்தேன்? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, அவருக்குத் தெரியும்னு. ஒரு வார்த்தை. ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

10-12-78, ஞாயிறு

அம்மா அடுப்பை மூட்டவில்லை; பழைய சாதத்தை ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

12-12-78

ஆபீஸில் அரை நாள் லீவு போட்டு மத்தியானமே வந்தால் வீட்டில் ஜானு இல்லை. கோயிலுக்குப் போயிருப்பாள் என்று அம்மா நினைத்திருக்கிறாள். காலையிலேயே போனவளாம்.  கோயிலில் பொற்றாமரைக் குளத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினேன். அங்கிருந்து தெப்பக்குளம். அங்கிருந்து ரயில்வே ஸ்டேஷன், ஒவ்வொரு பிளாட்பாரமாக. வைகைப் பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தேன். போன மழைக்குத் தண்ணீர் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. படித்துறைக்கு இறங்கிப் போய், துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் "ஒரு பொண்ணு வந்துதா, கழுத்துல இங்க வெள்ளையா..." என்று கேட்டேன். கேட்டுவிட்டு என் வாயைப் பொத்திக்கொண்டேன். மறைக்க வேண்டும் மறைக்க வேண்டும் என்று பாடுபட்டதைச் சொல்லித்தான் என் தங்கையைத் தேட வேண்டியிருந்தது. பகவானே, அவள் உயிரோடு வந்தால் போதும், வந்தால் போதும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திரும்பினேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுக் காலை அலம்பினாள்.

"எங்கடீ போன?" அம்மா ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள்.

"திருப்பரங்குன்றம். பாங்குக்குப் போனேன். என் போட்டோ ரெண்டையும் ஆத்துலேர்ந்து எடுத்துண்டு வந்து குடுங்கோன்னேன். குடுத்தார். வாங்கிண்டு வந்துட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?" என்று அப்பா மெல்லக் கேட்டார்.

"மன்னிச்சுக்கோன்னார். சரின்னேன்."

என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. நான் முற்றத்தில் இறங்கித் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பா பார்த்தார். வந்து பக்கத்தில் நின்றார். 

24-1-79

தை பத்து. விடியற்காலையில் எங்கோ நாயனம். சந்தில் யார் வீட்டுக் கல்யாணமோ. அம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். சாத்தினாலும் கேட்டது. ஜானு அடுப்பை மூட்டி எல்லோருக்கும் காபி போட்டாள். எனக்கும்தான். டம்ளரைக் கையில் கொடுக்காமல் கீழே வைத்தாள்.

கேமராவை விற்றுவிடலாம் என்று பேச்சிமுத்துவிடம் கொண்டுபோனேன். "கோவத்துல விக்காதீகண்ணே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கோபம் இல்லை என்றேன். பின்னே என்ன என்று அவர் கேட்கவில்லை.

4-3-79, ஞாயிறு

அப்பா இன்னொரு ஜாதகத்தை எடுத்து வந்தார். போட்டோ கேட்கிறார்களாம். ஜானு சொன்னாள்: "யார் வரதா இருந்தாலும் பகல்ல வரச் சொல்லுங்கோ. வந்து நேர்ல பாக்கட்டும்." அப்பா ஜாதகத்தைப் பையில் வைத்துக்கொண்டார். அவர்கள் வரவில்லை.

17-6-79, ஞாயிறு

ஜானு இந்த மாதம் கோச்சடையில் ஒரு குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாள். தலையை இழுத்துக் கொண்டை போட்டுக்கொண்டு, கழுத்து காதெல்லாம் தெரிய, டவுன் பஸ்ஸில் போய் வருகிறாள். முதல் நாள் ஒரு குழந்தை, "டீச்சர், இங்க என்ன பவுடரா?" என்று கேட்டதாம். அம்மாவிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த அறையிலிருந்து கேட்டேன்.

மத்தியானம் தூறி ஓய்ந்திருந்தது. முற்றத்து ஓரம் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக்காக அட்டையில் யானை வெட்டிக்கொண்டிருந்தாள். ஈரத் தரையில் பட்டு எழும்பிய வெளிச்சம் அவள் முகம் முழுக்கப் பரவியிருந்தது, இரண்டு கன்னத்திலும். அவ்வளவு நல்ல வெளிச்சம் இந்த வீட்டில் வருஷத்தில் நாலைந்து நாள்தான் கிடைக்கும். எனக்குக் கை பரபரத்தது. கேமராவை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தேன். மூடியைத் திறக்கவில்லை.

"ஜானு, ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

கத்தரிக்கோல் நின்றது. நிமிர்ந்து என்னையே பார்த்தாள், கேமராவைப் பார்க்கவில்லை.

"வேண்டாம்" என்றாள்.

சரி என்றேன். கேமராவைப் பக்கத்தில் வைத்தேன். அவள் மறுபடி யானையை வெட்ட ஆரம்பித்தாள். வெளிச்சம் போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போ என்று அவள் சொல்லவில்லை.